நான்காம் பக்கத்துக் காணவில்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகைக்கு மொத்தம் நான்கே பக்கம். முதல் பக்கத்தில் கலெக்டர் ஆபீஸ் செய்தி, இரண்டாம் பக்கத்தில் கோர்ட் நோட்டீஸ், மூன்றாம் பக்கத்தில் கோயில், கல்யாணம், சாவு. நான்காம் பக்கத்தில் காணவில்லை அறிவிப்புகள். 2004 தொடக்கத்தில் சேர்ந்து, 2012இல் அதை மூடும்வரை அங்கே இருந்தேன். அதில் ஏழு வருஷம் என் வீட்டிலும் ஒருவர் இல்லாமல் இருந்தார். ஊரில் யார் வீட்டு ஆள் போனாலும் தேடச் சொல்லி அச்சுக்கு அனுப்பிய நான், என் வீட்டு ஆளுக்காக ஒரு வரி போடவில்லை. பத்திரிகையின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் இதுவும் கூடவே வருகிறது. பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

அந்தக் கட்டடம் பத்திரிகைக்காகக் கட்டியதல்ல. முதலில் அது வாடகை சைக்கிள் கடை. முன்னால் இரண்டு அறை, பின்னால் சைக்கிள் நிறுத்த நீளமாக ஒரு தகரக் கொட்டகை. ஒரு வக்கீல் குமாஸ்தா அதை வாங்கி, கொட்டகையில் அச்சு மிஷினை இறக்கினார். கோர்ட்டும் ஆபீசுகளும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் நோட்டீஸ்கள் அவரைத் தேடி வந்தன. பத்திரம் தொலைந்துவிட்டது, பெயரை மாற்றிக்கொண்டேன், இன்னாருக்கும் எனக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. மனுஷர் நாட்டைத் திருத்தப் பத்திரிகை ஆரம்பிக்கவில்லை, நோட்டீஸ் போட ஆரம்பித்தார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்டைத் திருத்த ஆரம்பித்ததெல்லாம் எத்தனை நாள் ஓடியது என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அவர் வைத்துவிட்டுப் போன சட்டங்கள் மூன்று. தொலைந்த பத்திரத்துக்குக் காசு வாங்கு, தொலைந்த ஆளுக்கு வாங்காதே என்பது முதலாவது. காணவில்லை அறிவிப்பில் வீட்டு முகவரி போடக் கூடாது என்பது இரண்டாவது. முகவரியைப் பார்த்துவிட்டு, ஆளைப் பார்த்தேன் என்று புளுகிக் காசு பிடுங்க வந்துவிடுவார்களாம். அதனால் எல்லா அறிவிப்பிலும் ஒரே வரிதான்: 'விவரம் தெரிந்தவர்கள் நமது அலுவலகத்துக்கு நேரில் வரவும்.' மூன்றாவது, குடும்பத்தார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கடைசியில் நாங்களே சேர்க்கும் வாசகம்: 'வீட்டில் யாருக்கும் கோபம் இல்லை. உடனே வரவும்.'

நான் சேர்ந்தபோது குமாஸ்தா சுவரில் மாலையோடு தொங்கினார். அவர் மகன்தான் ஆசிரியர். அறுபது வயதை நெருங்கியவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர், தினமும் நான்கு தடவை டீ குடிப்பவர். அச்சு மிஷினை விற்றாகிவிட்டது. பக்கங்களைக் கம்ப்யூட்டரில் கட்டி, டிரேசிங் பேப்பரில் எடுத்து, சிதம்பரத்தில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கொடுத்து அச்சடிப்பார்கள். எனக்கு வேலை கிடைத்தது தமிழில் எம்.ஏ. படித்ததால் அல்ல. என் வீடு சிதம்பரத்தில் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பக்கங்களைச் சுருட்டி, குழாய் மாதிரி ஒரு டப்பாவில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். வெள்ளிக்கிழமை காலையில் கட்டுகள் பஸ் ஏறிவிடும், விருத்தாசலத்துக்கும் திட்டக்குடிக்கும்கூட.

வேலைக்குச் சேர்ந்து வருஷம் முடிவதற்குள் சுனாமி வந்துவிட்டது. அதற்கப்புறம் சில வாரங்களுக்குக் காணவில்லை அறிவிப்புகள் நான்காம் பக்கத்தில் அடங்கவில்லை. முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம்வரை அதுவே. வாசலில் வரிசையில் நின்றவர்கள் அழவில்லை, பெயரைத் தெளிவாகச் சொன்னார்கள். நானும் கைப்பழக்கத்தில் ஒவ்வொன்றின் கீழும் 'வீட்டில் யாருக்கும் கோபம் இல்லை' என்று அடித்துக்கொண்டே போனேன். ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கும் அடித்திருந்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் அந்த வரி வேணாம்மா" என்றார்.

அடுத்த சித்திரையில் என் வீட்டுக்காரர் போனார்.

குடிகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. நாங்களும் அவர் அம்மாவும் சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்கிறவர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று சொல்லிவிட்டு, பேன்ட் சட்டை இரண்டு செட் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிரகப்பிரவேசத்துக்கு எதற்கு இரண்டு செட் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். நான்கு நாள் பார்த்துவிட்டுக் கம்பெனி கேட்டில் போய் விசாரித்தால், அவர் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று இன்றுவரை தெரியாது.

ஆக, அவர் காணாமல் போகவில்லை. விட்டுவிட்டுப் போனார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்த அளவுக்குக் கடலூர் ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. தினமும் அதைத்தானே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்!

போலீசுக்குப் போகலாமா, பேப்பரில் போடலாமா என்று கேட்டபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர்ல போட்டுட்டா ஊரே சிரிக்கும்மா. சிங்கப்பூர்ல வேல கெடைச்சிப் போயிருக்கான்னு சொல்லிடுவோம். எம் புள்ள வந்துடுவான்." சரி என்றேன். அத்தைக்காக மட்டும் அல்ல. எனக்கும் அந்தப் பொய் வசதியாக இருந்தது. புருஷன் சிங்கப்பூரில் இருக்கிறவளைத் தெருவில் யாரும் பாவம் பார்ப்பதில்லை, கொஞ்சம் பொறாமையாகக்கூடப் பார்ப்பார்கள்.

ஆபீசிலும் அதையே சொன்னேன். தீபாவளிக்குத் தீபாவளி ஆசிரியர் கேட்பார்: "என்னம்மா, மாப்ள லீவுல வர்றாரா? இல்ல அங்கயே டேரா போட்டாரா?" நான் சிரிப்பேன். "லீவு கெடைக்கல சார்." ஒரு வருஷம் அவர் ஒரு ஃபாரின் சென்ட் பாட்டில் கேட்டுவிட்டார். பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தார். பொய்யை நிறுத்துவதைவிட நடத்துவது சுலபம் என்று அப்போது புரிந்தது.

ஆனால் பஸ்ஸில் போகும்போது யாரிடமும் நடிக்க வேண்டியதில்லை. போகவும் வரவும் குடிகாட்டு நிறுத்தத்தில் பஸ் நிற்கும். ஷிஃப்ட் முடிந்தவர்கள் டிபன் பையோடு ஏறுவார்கள். ஏழு வருஷம் ஒவ்வொரு தலையையும் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டுப் போனவர் அங்கே எப்படி ஏறுவார் என்று எனக்குத் தெரியாதா, தெரியும். கண் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் அத்தையும் நானும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். அவரைப் பற்றிப் பேசினால் பொய் உடைந்துவிடும் என்று எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை. வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் இருப்பதுதான் தனிமை. பக்கத்தில் ஆள் இல்லாதது அல்ல. எனக்குப் பக்கத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள்.

2011 ஆடியில் அத்தை இறந்தார். சிங்கப்பூரிலிருந்து மகன் வரவில்லையா என்று தெரு முழுக்கக் கேட்டது. விமானம் கிடைக்கவில்லை என்றேன். கொள்ளி வைத்தது அவருடைய பங்காளி முறையில் ஒருவர்.

அந்த டிசம்பர் கடைசியில் அடித்த புயலில் கடலூரே குப்புற விழுந்தது. எங்கள் ஆபீசின் தகரக் கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பழைய இதழ்களை வருஷவாரியாகக் கட்டி அங்கேதான் அடுக்கியிருந்தோம். எல்லாம் நனைந்து ஊறிவிட்டது. ஆசிரியர் கொட்டகைக்குள் நின்று மேலே வானத்தைப் பார்த்தார். "போதும்மா. எனக்கும் முடியல. சென்னையில பொண்ணு கூப்புட்டுக்கிட்டே இருக்கா" என்றார். இடத்தை ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குப் பேசி முடித்துவிட்டார். அவர் இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறாராம். பத்திரிகையைக் கேட்டு யாரும் வரவில்லை.

"கடைசி இதழ்ல நம்ம பத்திரிகை வரலாறு ஒண்ணு எழுதிடு. இந்த பில்டிங் பத்தியும் வரட்டும். அப்பா சந்தோஷப்படுவாரு" என்றார். எழுதுவதற்காக அந்த நனைந்த கட்டுகளை மொட்டை மாடியில் வெயிலில் விரித்தேன். இரண்டு வாரம் காக்கையை விரட்டிக்கொண்டு பழைய இதழ்களைப் படித்தேன். எந்தக் கலெக்டர் எந்தப் பாலத்தைத் திறந்தார் என்பதெல்லாம் இருந்தது. ஆனால் எனக்கு ஒட்டிக்கொண்டது நான்காம் பக்கம்தான். வாரத்துக்கு வாரம் யாரோ போய்க்கொண்டே இருந்தார்கள். யாராவது திரும்பினார்களா என்று தேடினேன். 'கிடைத்துவிட்டார்' என்று ஒரு அறிவிப்பு, ஒரே ஒரு அறிவிப்பு, எந்த வருஷத்திலும் இல்லை. தொலைத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். கிடைத்தவுடன் வந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதில் பாதிப் பேராவது வீடு திரும்பியிருப்பார்கள், சந்தோஷத்தில் எங்களை மறந்திருப்பார்கள். எங்கள் பத்திரிகைக்கு ஒவ்வொரு கதையிலும் முதல் பாதி மட்டும்தான் தெரியும். படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் முடிவு செய்தேன். பத்திரிகை மூடுவதற்குள் அவரை அந்தப் பக்கத்தில் போட்டுவிட வேண்டும். இருக்கிறாரா, இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும். வந்து வாழ வேண்டாம்.

கல்யாண போட்டோவில் என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் ஸ்கேன் செய்தேன். வயது, உயரம், மாநிறம், இடது புருவத்தில் தழும்பு. விவரம் தெரிந்தவர்கள் நமது அலுவலகத்துக்கு நேரில் வரவும். அதற்கப்புறம் அந்த வரி வர வேண்டும். அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன். ஊரில் எல்லார் வீட்டுக்கும் நானே கோபம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்கு எழுத முடியவில்லை. என் வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். எனக்குக் கோபம் இருந்தது. அழித்துவிட்டேன்.

ஆசிரியர் பக்கத்தைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு ஒரு தடவை என் வீட்டுக்காரர் வந்திருந்ததால் ஆசிரியருக்கு முகம் தெரியும்.

"சிங்கப்பூர்னு சொன்னியேம்மா."

"ஆமா சார். சொன்னேன்."

கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, "கடைசி வரி விட்டுப்போச்சு" என்றார்.

"விட்டுப்போவல சார். எடுத்துட்டேன்."

"சரி" என்று கையெழுத்துப் போட்டார். அந்தச் சென்ட் பாட்டில் ஞாபகம் வந்திருக்கும், பாவம்.

வியாழக்கிழமை வழக்கம்போலப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் வந்தேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் கட்டுகளை ஏற்றிவிட்டு ஒரு பிரதியை எடுத்துப் பிரித்தேன். அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. நமது அலுவலகத்துக்கு நேரில் வரவும். எந்த அலுவலகம்? சாவியை நேற்றுச் சாயங்காலமே ஜவுளிக்கடைக்காரரிடம் கொடுத்தாயிற்று. ஃபோனைத் துண்டித்தாயிற்று. முதல் பக்கத்தில் 'இந்த இதழுடன் விடைபெறுகிறோம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நான்காம் பக்கத்தில் வா வா என்று கூப்பிட்டிருக்கிறோம். அடித்தது நான், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது ஆசிரியர், பிளேட் போட்டது அச்சகத்துக்காரர். மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. அத்தனை வருஷமாக அந்த வரி அங்கேயே இருந்ததால் அதை யாரும் படிப்பதே இல்லை. என் கைப்பையில் செல்போன் இருந்தது. அந்த நம்பரைப் போடத் தோன்றாத எம்.ஏ. நான்.

அச்சகத்துச் சந்திலேயே நின்று அழுதேன். ஏழு வருஷம் பொறுத்து ஒரு தடவை கூப்பிட்டால், அதுவும் பூட்டின வீட்டுக்கா கூப்பிட வேண்டும்!

திங்கட்கிழமை காலை பஸ் ஏறி மஞ்சக்குப்பம் போனேன். ஜவுளிக்கடைக்காரர் ஒரு வாட்ச்மேனைப் போட்டிருந்தார். இடிப்பதற்கு ஒரு மாசம் ஆகும் என்றார். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். யாராவது வந்தால் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகக் கூடாது, அவ்வளவுதான் என் வேலை. தினமும் போனேன். சாப்பாடு கட்டிக்கொண்டு, ஆபீஸ் நேரத்துக்கு. மூன்றாவது நாள் வாட்ச்மேன் கேட்டார்: "ஏம்மா, ஆபீஸ் மூடிட்டாங்கன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?" சொன்னார்கள் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார், ஆனாலும் உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்தார். பத்திரம் தொலைந்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வேறு பத்திரிகைக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

நான்காவது வாரம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பஸ்ஸில் வந்த புழுதி முகத்தில் இருந்தது. பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மணிபர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மளிகைக்கடையில் பொட்டலம் மடித்த தாள், எண்ணெய்க் கறை இருந்தது. எங்கள் நான்காம் பக்கம்.

"அக்கா, இது இந்த ஆபீஸ்தானே? இவரப் பத்தி வந்துருக்கு."

விரல் அவர் போட்டோவின் மேல் இருந்தது. "எங்க இருக்காரு?" என்றேன்.

"அதக் கேக்கத்தாங்க்கா நானே வந்தேன். கெடைச்சிட்டாரா? தீபாவளிக்கு மறுநாள் போனாரு, வரல. திட்டக்குடியில எங்க ஊட்லேர்ந்துதான் போனாரு. எங்களுக்குக் கல்யாணமாயி அஞ்சு வருஷமாவுது." மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு தாளைப் பார்த்தாள். "இது யாருக்கா குடுத்தது? தனக்கு யாருமே இல்லன்னுதான் அவரு சொல்லியிருக்காரு."

ஆபீஸ்ல வேல பாத்தவ, யாரு குடுத்தாங்கன்னு தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. ஏழு வருஷப் பயிற்சி ஆயிற்றே.

"நான்தான் குடுத்தேன்" என்றேன். "நான் அவரு சம்சாரம்."

அவள் என் கழுத்தைப் பார்த்தாள், தன் தாலியைத் தொட்டுக்கொண்டாள். "அப்ப நான் யாருக்கா?" என்றாள்.

இப்படி ஒருத்தி இருந்தால் என்ன கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை யோசித்து வைத்திருந்தேன். அவளைப் படியில் உட்காரவைத்து, ஸ்டூலிலிருந்து இறங்கி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், பையிலிருந்து பேனாவையும் பேப்பரையும் எடுத்தேன். "என்னா சட்ட போட்டிருந்தாரு?" என்று கேட்டேன். ஊதா கட்டம் போட்டது என்றாள். கண்ணாடி போட்டிருப்பார் என்றாள். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டதாம், சர்க்கரை இருக்கிறதாம், மாத்திரையை எடுத்துக்கொண்டு போகவில்லையாம். சொல்லச் சொல்ல எழுதினேன். கல்யாண போட்டோவை வைத்து நான் நாலு ஊருக்குத் தேடச் சொல்லிப் போட்ட ஆள் இப்போது எங்குமே இல்லை என்று எழுதும்போதுதான் தெரிந்தது. எழுதி முடித்த பிறகு அதை அச்சடிக்கப் பத்திரிகை இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. நான் கொண்டுபோன சோற்றை இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டோம். திட்டக்குடிக்குப் போக அவளை விருத்தாசலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அவள் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஃபோன் பண்ணுவாள். "ஏதும் தெரிஞ்சுதாக்கா?" என்பாள். இல்லை என்பேன். அங்கேயும் இல்லை என்பாள். அப்புறம் என்ன குழம்பு வைத்தாள், பால்காரன் என்ன சொன்னான், இருமல் குறைந்ததா என்று அரை மணி நேரம் போகும். அன்றைக்கு மதியத்திலிருந்தே நான் ஃபோனைச் சார்ஜ் போட்டு வைத்துவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை ஃபோன் வரவில்லை. ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. அவர் அங்கே வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வந்திருந்தால் இவள் இனி எதற்கு எனக்கு ஃபோன் பண்ணப்போகிறாள்? சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.